மாற்றலான ஊரில் பள்ளிக்கூடம்

உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு மாற்றல் உத்தரவு வருவது புதிதல்ல. திருநெல்வேலியில் இருந்தவர் தர்மபுரிக்குப் போகிறார். தஞ்சாவூர்க் குடும்பம் கோயம்புத்தூரில் குடியேறுகிறது. வாடகை வீடு ஒரு வாரத்தில் அகப்பட்டுவிடும். பால்காரரும் மளிகைக் கடைக்காரரும் மறுநாளே அறிமுகமாகிவிடுவார்கள். குழந்தைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்ற கேள்விதான் தாய் தந்தையரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. தவறான பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் வீணாய்ப் போனால், அதை எந்த உத்தரவும் திருப்பித் தராது அல்லவா?

அண்டை வீட்டாரைக் கேட்டால், "சர்க்கார் பள்ளிக்கூடமா? வேண்டவே வேண்டாம்!" என்று பலர் சொல்வார்கள். அந்தப் பள்ளியின் வாசற்படியை அவர்களில் எத்தனை பேர் மிதித்திருக்கிறார்கள் என்று விசாரித்தால் விடை வராது. கேள்விப்பட்டதை நம்பிக் குழந்தையின் வருங்காலத்தைத் தீர்மானிப்பது விவேகமாகாது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

முதலில் கண்ணில் படுவது, "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று வாசலில் தொங்கும் விளம்பரம். அதைப் பொய்யென்று சொல்லமாட்டோம். ஆயினும் அது முழு உண்மையும் அன்று. 10 பேர் பரீட்சை எழுதிய பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை தவறினால் தேர்ச்சி 90 சதவிகிதம். 200 பேர் எழுதிய பள்ளியில் 10 பேர் தவறினாலும் 95 சதவிகிதம். இதைக் கொண்டு உயர்வு தாழ்வு சொல்வது எப்படி? அதைவிட, "மூன்று வருஷங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? அவர்களில் பத்தாம் வகுப்புப் பரீட்சை வரையில் வந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். மந்தமாய்ப் படிக்கும் பிள்ளைகளை இடையிலே அனுப்பிவிட்டு நூறு காட்டுவது பெரிய வித்தையன்று. மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2017ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. பெற்றோர் மனத்தில்தான் அந்த மோகம் இன்னும் தணியவில்லை.

அடுத்தபடியாக உபாத்தியாயர்களின் தொகையை விசாரிக்க வேண்டும். நம் நாட்டில் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டுமென்று கோகலே அவர்கள் 1911ஆம் ஆண்டில் மசோதாக் கொண்டுவந்தார். மறு வருஷமே அது தோற்கடிக்கப்பட்டது. அந்தக் கனவு 2009ஆம் ஆண்டில்தான் கல்வி உரிமைச் சட்டமாகி, 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 குழந்தைகள் வரையில் இரண்டு ஆசிரியர்கள், 90 வரையில் மூவர் என்று அச்சட்டம் கணக்கு வகுத்திருக்கிறது. குடிநீர், ஆண் பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, நூலகம், விளையாட்டிடம் ஆகியவையும் இருந்தாக வேண்டும். இவை இருக்கின்றனவா என்பதோடு, கழிப்பறைக் கதவு பூட்டியிருக்கிறதா, நூலகப் புத்தகங்களில் தூசி படிந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

இரண்டே ஆசிரியர்கள் உள்ள சிறிய பள்ளி என்றால் உடனே திரும்பிவிட வேண்டாம். ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும்போது, அவர் பாடம் சொல்லாத வகுப்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். பிள்ளைகள் தாமே படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தால், அங்கே நல்லதோர் ஆசிரியர் இருக்கிறார் என்று அறியலாம்.

கூடுமானால் மத்தியான வேளையில் போங்கள். காமராஜர் ஆட்சியில் 1956ஆம் ஆண்டு பரவத் தொடங்கிய மதிய உணவு, 1982ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் வந்திருக்கிறது. பிள்ளைகள் கை கழுவி, பேதமின்றி வரிசையாய் அமர்ந்து உண்கிறார்களா? ஆசிரியர் அருகில் நிற்கிறாரா? பள்ளியின் நடத்தையை இந்த அரைமணி நேரம் காட்டிவிடும்.

முக்கியமான சோதனை ஒன்று உண்டு. முன் வரிசைப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு மகிழ வேண்டாம். தலைமையாசிரியர் அனுமதியோடு கடைசி வரிசைப் பிள்ளையின் நோட்டைப் பாருங்கள். பிழைகள் திருத்தப்பட்டிருக்கின்றனவா? திருத்தியதைப் பிள்ளை மறுபடி எழுதியிருக்கிறதா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புக் கதையைத் தடுமாறாமல் வாசிக்கிறதா? புது ஊரில், தோழர்களை இழந்து, பாதி வருஷத்தில் வந்து சேரும் நம் குழந்தையும் சில மாதங்களுக்குக் கடைசி வரிசைப் பிள்ளைதான். அந்த வரிசையை மறவாத பள்ளியே நம் குழந்தைக்கு ஏற்ற பள்ளி.

பாதி வருஷத்தில் வருகிறவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு வரையில், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று சொல்லிச் சேர்க்க மறுப்பது சட்ட விரோதம். சேர்ப்பதற்காகப் பரீட்சை வைப்பதும் கூடாது.

குழந்தையைச் சேர்த்ததோடு நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை. சர்க்கார் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதன் அங்கத்தினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராயும், பாதிப் பேர் பெண்களாயும் இருக்க வேண்டுமென்பது சட்டம். காலியான ஆசிரியர் இடத்துக்காகக் கடிதம் எழுதவும், ஒழுகும் கூரையைச் சுட்டிக் காட்டவும் தெரிந்த குடும்பங்கள் விலகிப் போனால், அந்தப் பள்ளிக்காகப் பேசுவதற்கு யார் மிஞ்சுவார்கள்? கூலி வேலையை விட்டு வர இயலாத தாயின் குழந்தையும் அங்கேதான் படிக்கிறது. குழுக் கூட்டத்துக்கு நாம் ஒரு மாலைப் பொழுது போய்வந்தால், நம் குழந்தையோடு அந்தக் குழந்தைக்கும் நன்மை உண்டாகும். அடுத்த மாற்றல் உத்தரவு வந்து நாம் புறப்படும்போது, வந்த நாளில் கண்டதைவிடச் சற்று நல்ல பள்ளியாக அதை விட்டுச் செல்வோமாக.