ஹிகல்டி-பிகல்டி: டார்வினை நோகடித்த விளையாட்டுச் சொல்

இன்னைக்கு நாம பார்க்கப்போற இங்கிலீஷ் சொல், 'ஹிகல்டி-பிகல்டி'. ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. குழந்தைங்க பாட்டு மாதிரி இருக்குல்ல? ஆனா 1859-ல சார்லஸ் டார்வினோட மனசை ரொம்பவே நோகடிச்சது இந்தச் சொல்தான்.

முதல்ல அர்த்தம். பொருட்கள் எந்த ஒழுங்கும் இல்லாம தாறுமாறா கிடந்தா, அது ஹிகல்டி-பிகல்டி. வாசல்ல கன்னாபின்னான்னு கிடக்கிற செருப்புகள், அலமாரியில குறுக்கும் நெடுக்குமா திணிச்ச புத்தகங்கள், இதுக்கெல்லாம் சொல்லலாம். கலவரம், அடிதடிக்குப் பொருந்தாது. இந்தச் சொல்லுல பயம் கிடையாது, லேசான கேலிதான் இருக்கு.

இது ஒண்ணும் புதுச் சொல் இல்ல. ஷேக்ஸ்பியர் வாழ்ந்த காலத்துலயே, 1598-ல ஜான் ஃப்ளோரியோ வெளியிட்ட இத்தாலியன்-இங்கிலீஷ் அகராதியில வந்திருக்கு. 'பிகல்டி'க்குள்ள 'பிக்', அதாவது பன்றி, ஒளிஞ்சிருக்கலாம்ங்கிறது அகராதிக்காரர்களோட ஊகம். பன்றிக் கூட்டம் வரிசையிலயா போகும்? ஒண்ணை ஒண்ணு முட்டிக்கிட்டுதான் போகும். 'ஹிகல்டி'க்குத் தனியா அர்த்தம் இல்ல, சும்மா ஓசைக்காக ஒட்டிக்கிட்டது.

தமிழ்ல 'புலி கிலி'ன்னு சொல்றோம். முதல் சொல்லுக்கு அர்த்தம் உண்டு, பின்னாடி வர்றது எதிரொலி. பன்றி ஊகம் சரின்னா, இங்கே அப்படியே உல்டா: எதிரொலி முதல்ல, அர்த்தம் பின்னாடி!

சரி, டார்வின் கதைக்கு வருவோம். ஜான் ஹெர்ஷல் அந்தக் காலத்துல பெரிய வானியலாளர். அறிவியல்ல நாமும் ஏதாவது செய்யணும்ங்கிற ஆசையை மாணவர் டார்வினுக்குள்ள விதைச்சதுல ஹெர்ஷல் எழுதின புத்தகத்துக்கும் பங்கு உண்டு. 1859 நவம்பர்ல 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தப்போ, அவருக்கும் ஒரு பிரதி போச்சு. டிசம்பர்ல சுத்தி வளைச்சு ஒரு செய்தி டார்வின் காதுக்கு வந்தது: ஹெர்ஷல் அதை 'ஹிகல்டி-பிகல்டி விதி'ன்னு சொல்லிட்டாராம்! புவியியலாளர் சார்லஸ் லயலுக்கு எழுதின கடிதத்துல டார்வின் புலம்பியிருக்கார். அவர் என்ன சொல்ல வர்றார்னு சரியா புரியல, ஆனா இளக்காரம்னு மட்டும் தெரியுது. உண்மையா இருந்தா இது பெரிய அடிதான்ங்கிறது அதோட சாரம்.

ஏன் அவ்வளவு வலி? கிரகங்களோட பாதையைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்ற துறை ஹெர்ஷலோடது. அங்கே விதின்னா ஒழுங்கு. உயிர்கள்ல குறிக்கோளே இல்லாம சின்னச் சின்ன மாற்றங்கள் வருது, அதுல இருந்தே புது இனங்கள் உருவாகுதுன்னு சொன்னா, அவருக்கு அது குப்பைமேட்டுல இருந்து வீடு தானா எழும்புற மாதிரி தெரிஞ்சிருக்கும்.

ஆனா டார்வின் சொன்னதுல பாதிதான் ஹிகல்டி-பிகல்டி. மாற்றங்கள் எந்தத் திசையும் பார்க்காம வரும். அதுல எது நிலைக்கும்ங்கிறது அப்படி இல்ல. சூழலுக்குப் பொருந்துறது பிழைச்சுப் பெருகும், மத்தது குறையும். இந்தச் சலிப்பு தலைமுறை தலைமுறையா நடக்கும். அடுக்கி வைக்க ஒரு கை இல்லாமலே ஒழுங்கு வர முடியும்ங்கிறதுதான் அந்தப் புத்தகத்தோட மையமே. ஒரு கேலிச் சொல் அந்த மறுபாதியை மறைச்சிடுச்சு.

1871-ல ஹெர்ஷலை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில அடக்கம் செஞ்சாங்க. 1882-ல டார்வினுக்கும் அங்கேதான் இடம் கிடைச்சது, ஹெர்ஷலுக்குப் பக்கத்துலயே.

அடுத்த எபிசோட்ல இன்னொரு சொல்லோட சந்திப்போம். அதுவரைக்கும் அந்த வாசல் செருப்புகளைக் கொஞ்சம் கவனிங்க!