வெள்ளைக் கோட்டு எதைத் தடுக்கிறது?

ஆவடி என்றதும் நம் நினைவுக்கு வருவது டாங்கி. 1961ஆம் ஆண்டு அங்கே நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஓ.சி.எப். என்று ஊரார் அழைக்கும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும் அதே ஆவடியில்தான் இருக்கிறது. ஒன்று எஃகினால் கவசம் செய்கிறது. மற்றொன்று துணியினால் உடை தைக்கிறது.

2020ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது இவ்விரு தொழிற்சாலைகளும் ஒரே காரியத்தில் இறங்கின. உடைத் தொழிற்சாலை, மருத்துவப் பணியாளர்கள் அணியும் முழு உடல் அங்கிகளைத் தைத்தது. டாங்கித் தொழிற்சாலையோ, அத்தகைய துணியின் வழியே இரத்தம் கசியுமா, கசியாதா என்று சோதிக்கும் கருவியை உருவாக்கியது!

ஒரு மேலங்கியைச் சோதிக்கக் கருவி எதற்கு? துணி கெட்டியாக இருந்தால் போதாதா? அதற்கு விடை காண, ஆய்வுக்கூடத்தில் நாம் அணியும் சாதாரண வெள்ளைக் கோட்டிலிருந்து தொடங்குவோம்.

கறுப்பு வெள்ளையானது

மருத்துவர்கள் என்றைக்கும் வெள்ளைக் கோட்டு அணிந்திருந்ததாக நினைத்துவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவர்கள் கறுப்புக் கோட்டு அணிந்தே அறுவைச் சிகிச்சை செய்தனர். கறுப்பு, மரியாதையான நிறம். கறையும் வெளியே தெரியாது. இரத்தமும் சீழும் உலர்ந்து ஒட்டிய அதே கோட்டுடன் அடுத்த நோயாளியிடம் போவார்கள்.

1867இல் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், புண்கள் சீழ் பிடிப்பதற்குக் கிருமிகளே காரணம் என்று கொண்டு, கார்பாலிக் அமிலத்தால் அவற்றை அழிக்கும் முறையை வெளியிட்டார். இக்கருத்து மெல்ல மெல்லத்தான் ஏற்கப்பட்டது. அந்த மாற்றத்தை இரண்டு ஓவியங்களில் கண்ணாலேயே காணலாம். தாமஸ் ஈகின்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் 1875இல் வரைந்த அறுவைச் சிகிச்சைக் காட்சியில் மருத்துவர் கிராஸும் அவருடைய உதவியாளர்களும் கறுப்புக் கோட்டுடன் நிற்கிறார்கள். அதே ஓவியர் 1889இல் வரைந்த மற்றொரு காட்சியில் மருத்துவர் அக்னியூவும் அவருடைய உதவியாளர்களும் வெள்ளை உடையில் இருக்கிறார்கள். இடையே பதினான்கே ஆண்டுகள்!

வெள்ளை நிறத்திற்குக் கிருமியைக் கொல்லும் சக்தி ஏதுமில்லை. வெள்ளையில் அழுக்குத் தெரியும். தெரிந்தால் மாற்றத் தோன்றும். வெள்ளைப் பருத்தித் துணியைக் கொதிக்கும் நீரில் போட்டு வெளுக்கலாம். சாயம் போகுமே என்ற கவலை இல்லை. ஆகவே, அழுக்கை மறைக்காமல் காட்டிக் கொடுப்பதே வெள்ளைக் கோட்டின் முதல் பயன்.

தீயா, அமிலமா?

மருத்துவமனையில் எதிரி கிருமி. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எதிரிகள் வேறு: தீயும் அமிலமும். இங்கேதான் துணி எந்த இழையால் ஆனது என்ற கேள்வி எழுகிறது.

பருத்தி உருகாது. தீப்பற்றினால் கருகி எரியும். பாலியெஸ்டர் ஏறத்தாழ 260 டிகிரி செல்சியசில் உருகிவிடும். உருகிய குழம்பு தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமான புண்ணை உண்டாக்கும். ஆகையால் பன்சன் விளக்கின் அருகே நிற்பவருக்குப் பருத்தியே மேல்.

ஆனால் அமிலத்திடம் கதை தலைகீழ். நீர்த்த கந்தக அமிலம் ஒரு சொட்டு பருத்திச் சட்டையில் தெறித்தால் உடனே ஒன்றும் தெரியாது. நீர் ஆவியாக ஆக, அமிலம் அங்கேயே தங்கிச் செறிவடைந்து, இழையின் செல்லுலோசை அரிக்கும். அடுத்த துவையலில் அந்த இடம் பொத்தலாகும். பாலியெஸ்டரோ நீர்த்த அமிலத்தை நன்றாகவே தாங்கும்.

இது வெறும் சட்டையைப் பற்றிய பேச்சன்று, உயிரைப் பற்றியது. 2008 டிசம்பர் 29ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் ஒரு லித்தியம் சேர்மத்தை ஊசிக்குழலில் எடுத்துக்கொண்டிருந்தார். குழலின் தண்டு கழன்று திரவம் சிதறித் தீப்பற்றியது. அவர் மேலங்கி அணிந்திருக்கவில்லை. செயற்கை இழையாலான ஸ்வெட்டர் அணிந்திருந்தார். அது எரிந்து உடலில் ஒட்டியது. பதினெட்டு நாட்களுக்குப் பின் அவர் இறந்துபோனார். எளிதில் தீப்பற்றாத ஒரு மேலங்கி அன்று அவர் உடலில் இருந்திருந்தால், அதைக் கழற்றி எறியவாவது சில விநாடிகள் கிடைத்திருக்கும். ஆய்வுக்கூடக் கோட்டில் டிக் பட்டன் என்று நாம் சொல்லும் அழுத்துப் பொத்தான்களை வைப்பதும் இதற்காகவே. ஒரே இழுப்பில் எல்லாம் திறந்துகொள்ளும்.

ஆவடியில் நடந்த சோதனை

இனி ஆவடிக்குத் திரும்புவோம். கொரோனா நோயாளியைக் கவனிக்கும் செவிலியருக்குப் பருத்திக் கோட்டு உதவாது. பருத்தி ஈரத்தை உறிஞ்சும். நோயாளியின் இரத்தமோ உமிழ்நீரோ பட்டால், துணி அதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எனவே பாலிபுரொப்பிலீன் இழைகளை நெய்யாமல், வெப்பத்தால் ஒட்டித் தாளைப் போலாக்கி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் சேர்த்த துணி பயன்பட்டது.

2020இன் தொடக்கத்தில் நம் நாட்டில் இத்தகைய உடையின் தயாரிப்பு அநேகமாக இல்லை. அதே ஆண்டு மே மாதத்திற்குள் நாளொன்றுக்கு இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட உடைகள் உற்பத்தியாயின. இவ்வளவு வேகமாகத் தைத்தவற்றுள் எது நல்லது, எது போலி? பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். சோதித்துச் சான்று தரும் பொறுப்பு முதலில் கோயம்புத்தூரிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தின்மேல் விழுந்தது. பின்னர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் கான்பூரிலுள்ள சிறு ஆயுதத் தொழிற்சாலையும் சோதனைக் கருவிகளை உருவாக்கின.

சோதனை எளிமையானது. துணித் துண்டு ஒன்றை ஒரு சிறு கலத்தின் வாயில் இறுகப் பொருத்துவார்கள். உள்ளே செயற்கை இரத்தத்தை நிரப்பிக் காற்றழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவார்கள்: 1.75, 3.5, 7, 14, 20 கிலோபாஸ்கல். ஒவ்வொரு படியிலும் ஐந்து நிமிடம். துணியின் மறுபுறம் சிவப்புச் சொட்டு தெரிந்தால் துணி தோற்றது. நம் நாட்டில் அப்போது கேட்கப்பட்ட குறைந்த அளவு மூன்றாம் வகுப்பு, அதாவது 3.5 கிலோபாஸ்கல். ஏறத்தாழ 36 செ.மீ. உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தம் இது.

ஊசித் துளையின் கணக்கு

துணியில் நுண்துளைகள் இருந்தும் இரத்தம் ஏன் நுழைவதில்லை? இங்கே நமக்குத் துணை நிற்பது பரப்பு இழுவிசை. நீர் ஒட்டாத பரப்பிலுள்ள சிறு துளையின் வாயில், திரவத்தின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல் வளைந்து நின்று தடுக்கிறது. அதை மீறி நுழையத் தேவைப்படும் அழுத்தத்தை, அதிகபட்சமாகப் பின்வருமாறு கணக்கிடலாம்:

அழுத்தம் = 4 × பரப்பு இழுவிசை ÷ துளையின் விட்டம்

சோதனையில் பயன்படும் செயற்கை இரத்தத்தின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.042 நியூட்டன். அழுத்தம் 3,500 பாஸ்கல். கணக்கிட்டால் விட்டம் 0.000048 மீட்டர், அதாவது 48 மைக்ரோமீட்டர் வருகிறது. நம் தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர். ஆகவே மயிர் நுழையும் துளை இருந்தாலே துணி தோற்றுவிடும். துணி திரவத்தை முற்றிலும் விலக்குவதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையான துணிக்குத் துளை இன்னும் சிறியதாக இருக்கவேண்டும்.

இப்போது தையலைக் கவனியுங்கள். தையல் ஊசி குத்திய துளை 1 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதே சூத்திரப்படி அது தாங்கும் அழுத்தம் 168 பாஸ்கல், இரண்டு செ.மீ. நீர்த்தம்பத்திற்கும் குறைவு! எவ்வளவு உயர்ந்த துணியானாலும் தையற்காரரின் ஊசி பட்ட இடத்தில் அது சல்லடைதான். அதனால்தான் இந்த அங்கிகளின் தையல்மேல், சூடான காற்றால் ஒட்டும் பட்டையை வைத்துத் துளைகளை அடைக்கிறார்கள். ஒட்டுப்பட்டை இல்லாத உடை, எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் காவல் தராது.

இந்தக் காவலுக்கு ஒரு விலையும் உண்டு. இரத்தம் உள்ளே போகாத துணி வழியே வியர்வையின் ஆவியும் எளிதில் வெளியேறாது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து சுமார் 2.4 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். அந்த வழி அடைபட்டால் உடல் சூடேறும். சென்னைக் கோடையில் அந்த உடைக்குள் மணிக்கணக்கில் நின்ற மருத்துவர்களும் செவிலியர்களும் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். மேலும், பாலிபுரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியசிலேயே உருகும். மருத்துவமனையில் உயிர் காக்கும் இந்த உடையைப் பன்சன் விளக்கின் அருகே அணிந்தால் அதுவே ஆபத்து!

மனிதனிடமிருந்து பொருளைக் காக்க

இதுவரை அங்கி மனிதனைக் காத்தது. தொழிற்சாலையில் சில அங்கிகள் மனிதனிடமிருந்து பொருளைக் காக்கின்றன.

நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் நம் தோலிலிருந்து நுண்துகள்கள் ஓயாமல் உதிர்கின்றன. ஒரு மின்னணுச் சில்லின் நுண் அமைப்புகளோடு ஒப்பிட்டால் அந்தத் துகள் ஒரு பாறை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லிஸ் விட்ஃபீல்டு என்ற இயற்பியலர், வடிகட்டிய காற்றைக் கூரையிலிருந்து தரைக்கு ஒரே சீராக ஓடவிட்டுத் துகள்களை வெளியேற்றும் தூய அறையை அமைத்தார். அத்தகைய அறைக்குள் செல்பவர் தலைமுதல் கால்வரை மூடிய அங்கி அணிகிறார். அந்த அங்கி தடுப்பது வெளியிலிருந்து வரும் தூசியை அன்று, அவரையே!

தூசி மட்டுமன்று, மின்னேற்றமும் பகையாகும். பாலியெஸ்டர் சட்டை உடலோடு உராயும்போது நிலைமின்சாரம் சேரும். சுமார் 3,000 வோல்ட்டுக்குக் குறைவான மின்பொறியை நம் விரல் உணர்வதே இல்லை. ஆனால் சில நுண்சில்லுகள் 100 வோல்ட்டிலேயே பழுதாகிவிடும். பருத்தி காற்றிலிருந்து தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை ஏற்பதால் மின்னேற்றம் ஓரளவு கசிந்துவிடும். பாலியெஸ்டர் ஏற்பது அரை விழுக்காடுகூட இல்லை. குளிரூட்டிய வறண்ட அறையில் பருத்தியையும் நம்ப முடியாது.

1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையிலாகட்டும், வேறெங்காகட்டும், மின்னணுப் பலகைகளைக் கோக்கும் தொழிற்கூடம் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், அங்கே பணிபுரிபவர்களின் கோட்டை உற்றுப் பாருங்கள். மெல்லிய கறுப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக ஓடும். அவை அலங்காரம் அல்ல. மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் இழைகள். சேரும் மின்னேற்றத்தை அவை உடனுக்குடன் பரவச்செய்து கசியவிடுகின்றன.

அணிவதும் கழற்றுவதும்

ஆக, எல்லா ஆபத்துக்கும் ஏற்ற ஒரே கோட்டு இல்லை. எதைத் தடுக்கவேண்டும், யாரை அல்லது எந்தப் பொருளைக் காக்கவேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே துணியைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் உங்களுக்கு ஏற்றது முழுக்கை வைத்த பருத்திக் கோட்டு. கையை மடித்துவிடாமலும் பொத்தான்களைத் திறந்துவிடாமலும் அணியுங்கள். துப்பட்டாவும் பின்னலும் கோட்டுக்குள் இருக்கட்டும். வேலை முடிந்ததும் கழற்றிவிட்டு வெளியே வாருங்கள். அதே கோட்டுடன் சாப்பிட உட்காராதீர்கள். அங்கியின் வெளிப்புறம் தடுத்ததெல்லாம் அங்கேயே ஒட்டியிருக்கும் அல்லவா? நோயாளிக்கு நோயாளி கிருமி பரவ நீண்ட கைகள் வழியாகலாம் என்று கருதி, 2007இல் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை மருத்துவர்களின் முழுக்கை வெள்ளைக் கோட்டையே கைவிடச் சொன்னது.

ஆவடியில் நடந்த சோதனையைப் போன்ற ஒன்றை நீங்களும் செய்யலாம். அரை மீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையில் பழைய கைக்குட்டையை இறுகக் கட்டி, வாளிக்கு மேல் செங்குத்தாகப் பிடித்து, மேலிருந்து மெதுவாக நீர் ஊற்றுங்கள். எந்த உயரத்தில் முதல் சொட்டு விழுகிறது என்று அளவுகோலால் அளந்து குறியுங்கள். பிறகு குடைத் துணி, மழைக்கோட்டுத் துணி ஆகியவற்றைக் கட்டிப் பாருங்கள். 36 செ.மீ.க்குத் தாங்கும் துணி கிடைத்ததும், அதில் ஊசியால் ஒரே ஒரு துளை போட்டு மீண்டும் அளவிடுங்கள். கடைசியாக, நீரில் சிறிது சோப்பைக் கரைத்துச் செய்யுங்கள். சோப்பு கலந்தால் உயரம் ஏன் குறைகிறது என்பதை மேலே தந்த சூத்திரத்தைக் கொண்டு நீங்களே விளக்க முடியும்.