காளான் கூடத்திற்கு ஏற்ற குளிர்சாதனம் எது?

வெளிநாட்டில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணத்துடன் ஊர் திரும்புவோர் சிலர், மொட்டுக் காளான் வளர்ப்பில் ஆர்வம் கொள்கின்றனர். உதகையிலும் கொடைக்கானலிலும் இதற்கு வேண்டிய குளிர்ச்சியைப் பெரும்பாலும் மலையே தந்துவிடுகிறது. சமவெளியிலோ அதனை விலை கொடுத்து வாங்க வேண்டும். ஆகவே, இங்கே போட்ட முதல் நிலைப்பதும் கரைவதும் குளிர்சாதனத்தைப் பொறுத்தே அமைகிறது.

வித்திட்ட உரப் படுக்கையில் காளானின் இழைகள் பரவும் காலத்தில் ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை தேவை. பின்னர் மொட்டுவிட்டு வளர 14 முதல் 18 டிகிரியும், 85 முதல் 90 விழுக்காடு ஈரப்பதமும், இடைவிடாத புதிய காற்றும் வேண்டும். வீட்டு ஏ.சி. இதற்காகச் செய்யப்பட்டதன்று. அது பெரும்பாலும் 16 டிகிரிக்குக் கீழே இறங்காது; காற்றின் ஈரத்தையும் நீராக்கி வெளியேற்றிவிடும். பரப்பு மிகுந்த குளிர்சுருள், ஈரமூட்டும் அமைப்பு, வெளிக்காற்றை வடிகட்டிச் செலுத்தும் வழி ஆகிய மூன்றும் அமைந்த சாதனமே கூடத்திற்கு ஏற்றது.

எத்தனை 'டன்' வேண்டும்? டன் என்பது இயந்திரத்தின் எடையன்று. வெப்பத்தை அகற்றும் ஆற்றலின் அளவு. ஒரு டன் ஏறத்தாழ 3.5 கிலோவாட். சுவர், கூரை, விளக்கு, வெளிக்காற்று ஆகியவற்றின் வெப்பத்தோடு, உரப் படுக்கை தானே வெளியிடும் வெப்பத்தையும் கணக்கிட வேண்டும். பலர் மறப்பது இதனைத்தான். கோடையின் உச்சத்தை வைத்தே கணக்கிடுக. அதற்கு முன் சுவருக்கும் கூரைக்கும் வெப்பத்தடுப்புப் பலகை அமைத்தால் தேவையே குறையும். அளவுக்கு மீறிய பெரிய இயந்திரமும் நன்மை தராது; அது அடிக்கடி நின்று இயங்கித் தேய்வதோடு, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அலைக்கழிக்கும்.

எல்லாவற்றினும் முதன்மையானது, ஒற்றை இயந்திரத்தை நம்பாதிருத்தல். 10 டன் தேவைப்படும் கூடத்திற்கு 10 டன் இயந்திரம் ஒன்றை வாங்கினால், அது பழுதாகும் நாளில் கூடம் முழுவதும் வெப்பமேறும். படுக்கையின் சூடு 30 டிகிரியைத் தாண்டினால் இழைகள் நலிவுறும். பல வார உழைப்பு வீணாகும். 5 டன் இயந்திரங்கள் மூன்றை வைத்தால், ஒன்று நின்றாலும் மற்ற இரண்டும் சுமையைத் தாங்கும். மாறிமாறி இயக்கினால் மூன்றும் நெடுநாள் உழைக்கும்.

மின்தடைக்கு ஜெனரேட்டர் இன்றியமையாதது. கம்ப்ரஸர் தொடங்கும்போது வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதனைத் தாங்கும் திறனுடையதாகத் தேர்ந்தெடுப்பீர். கடலோர ஊர்களில் உப்புக்காற்று வெளிப்புறக் கருவியின் தகடுகளை அரித்துவிடுமாதலால், அரிப்புத் தடுப்புப் பூச்சுடையதைக் கேட்டு வாங்குக. விலையை விசாரிக்கும் முன், பழுது பார்ப்பவர் எத்தனை மணி நேரத்தில் வருவார், உதிரிப் பாகங்கள் அருகில் கிடைக்குமா என்று விசாரிப்பதே அறிவுடைமை.

இத்தனைக்கும் முதல் போதவில்லையா? சேமிப்பனைத்தையும் ஓர் இயந்திரத்தில் முடக்க வேண்டா. பால் காளான் 30 முதல் 35 டிகிரி வெப்பத்திலும் செழித்து வளரும், அதற்கு ஏ.சி. தேவையில்லை. அதிலே தொடங்கித் தொழிலையும் சந்தையையும் கற்றுக்கொண்டபின் மொட்டுக் காளானுக்கு வருவதில் இழப்பேதுமில்லை.