அசாம்: தலை எண்ணிய ஒப்பந்தங்கள்

1983 பிப்ரவரி 15. அசாமின் நகாவ் காவல் நிலையத்திலிருந்து ஒரு வயர்லெஸ் செய்தி கிளம்பியது. முந்தைய இரவு நெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து ஆயிரம் பேர் அளவில் ஆயுதங்களோடு, மேளம் கொட்டிக்கொண்டு கூடியிருக்கிறார்கள். எந்த நேரமும் தாக்கப்படுவோம் என்று சிறுபான்மை மக்கள் பீதியில் இருக்கிறார்கள். உடனே நடவடிக்கை தேவை. செய்தியின் சாரம் இவ்வளவுதான். மோரிகாவில் இருந்த அதிகாரிகளுக்கும் அசாம் காவல் பட்டாலியனுக்கும் அது அனுப்பப்பட்டது. அனுப்பியதோடு சரி.

மூன்று நாள் கழித்து, 18-ஆம் தேதி காலை, நெல்லியை ஒட்டிய 14 கிராமங்களைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. மக்கள் வயல்வெளியில் இறங்கி ஓடினார்கள். வேகமாக ஓட முடியாதவர்கள் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். இறந்தவர்களில் பெரும்பாலோரும் அவர்களே. மத்திய ரிசர்வ் போலீஸ் வந்து சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. அரசுக் கணக்குப்படியே அந்த ஒரு நாளில் 1,819 பேர் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் சொல்லும் எண்ணிக்கை இன்னும் அதிகம். கொல்லப்பட்டவர்கள் வங்க வம்சாவளி முஸ்லிம் விவசாயிகள். தாக்கியவர்களில் திவா பழங்குடியினரும் அசாமியக் கிராமத்தாரும் இருந்தார்கள்.

இதற்கு அரசு என்ன செய்தது? இறந்தவருக்குத் தலா 5,000 ரூபாய் இழப்பீடு கொடுத்தது. 688 வழக்குகள் பதிவாயின. அவற்றில் 378 ஆதாரம் இல்லையென்று மூடப்பட்டன. 310 வழக்குகளில் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. பின்னர் அந்த 310 வழக்குகளும் கைவிடப்பட்டன. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. கலவரங்களை விசாரித்த திவாரி ஆணையம் 1984 மே மாதமே அறிக்கையைக் கொடுத்துவிட்டது. காங்கிரஸ், அசாம் கண பரிஷத், பாரதிய ஜனதா என ஆட்சிகள் மாறின. நாற்பது ஆண்டுகள் ஓடியும் அறிக்கை சட்டமன்றத்துக்கு வராமலே கிடந்தது.

அசாமில் இன, மத மோதல் வெடித்தபோதெல்லாம் டெல்லியும் மாநிலத் தலைநகர் திஸ்பூரும் கையிலெடுத்த மருந்து ஒன்றுதான்: வலுவாகப் போராடியவர்களோடு ஓர் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு தேதி இருக்கும், அல்லது ஒரு சதவீதம் இருக்கும். யார் எந்தப் பக்கம் என்பதை அது தீர்மானிக்கும். கொலை செய்தவர்மீதான வழக்கு மட்டும் பேரத்தில் முதலில் கைவிடப்படும்.

அசாமியர்களின் அச்சத்தைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1836-இலிருந்து 1873 வரை அந்த மண்ணின் நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் வங்காள மொழியே ஆட்சி செய்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, மைமன்சிங் பக்கத்து முஸ்லிம் விவசாயிகள் பிரம்மபுத்திராவின் கரைகளிலும் ஆற்றுத் தீவுகளிலும் ஆயிரக்கணக்கில் குடியேறினார்கள். நிலவரி பெருகும் என்பதால் பிரிட்டிஷ் அரசும் அதை ஊக்குவித்தது. காட்டைத் திருத்தி நெல்லும் சணலும் விளைவித்தவர்கள் அவர்கள். நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தவர்கள் திவா, போடோ போன்ற பழங்குடிகள். அவர்கள் நிலம் கைமாறாமல் காக்கத் தனிப் பகுதிகளை வரையறுக்கும் சட்டம் 1947-இல் வந்தது. ஆனால் அந்தப் பகுதிகளுக்குள்ளும் நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது.

இதில் பலரும் மறந்துவிட்ட ஒன்று உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், குடியேறிய வங்க முஸ்லிம்கள் பெருந்திரளாகத் தங்கள் தாய்மொழி அசாமியம் என்று பதிவு செய்தார்கள். பிள்ளைகளை அசாமியப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அசாமிய மொழியின் பெரும்பான்மை நிலைத்ததில் அவர்களுக்குக் கணிசமான பங்கு உண்டு.

1960-இல் அசாமியத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தது. வங்காளம் பேசும் பராக் பள்ளத்தாக்கு கொதித்தது. 1961 மே 19 அன்று சில்சார் ரயில் நிலையத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 11 பேர் உயிரிழந்தார்கள். உள்துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி சமரசத் திட்டம் ஒன்றைக் கொடுத்தார். கச்சார் மாவட்ட நிர்வாகத்தில் வங்காளம் தொடர வழி பிறந்தது. நான்கே ஆண்டுகளில், 1965-இல், பிரதமராக இருந்த அதே சாஸ்திரி தமிழ்நாட்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் முன்னும் நிற்க நேர்ந்தது.

1979-இல் மங்கல்தோய் மக்களவைத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. வாக்காளர் பட்டியலில் பல்லாயிரம் பெயர்கள்மீது ஆட்சேபம் எழுந்தது. ‘ஆசு’ எனப்படும் அனைத்து அசாம் மாணவர் சங்கம் அந்த ஜூன் மாதம் தொடங்கிய போராட்டம் ஆறு ஆண்டுகள் நீடித்தது. வெளிநாட்டவரைக் கண்டுபிடி, பட்டியலிலிருந்து நீக்கு, நாட்டைவிட்டு அனுப்பு என்ற மூன்றுதான் கோரிக்கை. 1980 மக்களவைத் தேர்தலை மாநிலத்தின் 14 தொகுதிகளில் 12-இல் நடத்தவே முடியவில்லை. கச்சா எண்ணெய் வெளியே போகாமல் மறிக்கப்பட்டது. பட்டியலைத் திருத்தாமல் தேர்தல் கூடாது என்றது ஆசு. குடியரசுத் தலைவர் ஆட்சியை மேலும் நீட்டிக்க முடியாது என்று சொல்லி, 1983 பிப்ரவரியில் தேர்தலை நடத்தியே தீருவது என முடிவெடுத்தது இந்திரா காந்தி அரசு. வாக்களித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே. புறக்கணிப்பை மீறி வாக்குச்சாவடிக்குப் போனவர்கள் எதிரிகளாகப் பார்க்கப்பட்டார்கள். நெல்லி நடந்தது அந்தத் தேர்தல் வாரத்தில்தான்.

காங்கிரஸின் ஹிதேஸ்வர் சைக்கியா முதல்வரானார். அதே ஆண்டு அசாமுக்கென்று மட்டும் ஒரு சட்டம் வந்தது. நாட்டின் பிற பகுதிகளில், வெளிநாட்டவர் என்று சந்தேகிக்கப்படுபவரே தன்னைக் குடிமகன் என்று நிரூபிக்க வேண்டும். புதிய சட்டத்தில் அந்தச் சுமை புகார் கொடுப்பவர்மீது விழுந்தது. புகார் கொடுப்பவர், குற்றம் சாட்டப்பட்டவர் இருக்கும் இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வசிப்பவராக இருக்க வேண்டும் என்றும் விதி போட்டார்கள். சிறுபான்மையினருக்கு இது கேடயம். அசாமியர்களுக்கோ முகத்தில் அறைந்தது போல இருந்தது. 2005-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை ரத்து செய்தது. வழக்குத் தொடுத்தவர் ஆசுவின் முன்னாள் தலைவர் சர்பானந்த சோனோவால். பின்னாளில் அவரே முதல்வரானார். ரத்தான அதே ஆண்டில் சிறுபான்மையினரைத் திரட்டிப் பத்ருதீன் அஜ்மல் புதுக் கட்சி தொடங்கினார். மறு ஆண்டே சட்டமன்றத்தில் 10 இடங்கள் பிடித்தார். சட்டம் வந்தபோது ஒரு தரப்பு அணி திரண்டது, போனபோது இன்னொரு தரப்பு.

1985 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டைக் கொத்தளத்திலிருந்து ராஜீவ் காந்தி அசாம் ஒப்பந்தத்தை அறிவித்தார். நள்ளிரவில்தான் கையெழுத்தாகியிருந்தது. 1966-க்கு முன் வந்தவர்கள் குடிமக்கள். 1966 ஜனவரி 1 முதல் 1971 மார்ச் 24 வரை வந்தவர்களுக்குப் பத்தாண்டு வாக்குரிமை கிடையாது. அதற்குப் பின் வந்தவர்கள் வெளியேற்றப்படுவார்கள். பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கு தீபாவளிபோல் விளக்கேற்றிக் கொண்டாடியது. டிசம்பரில் நடந்த தேர்தலில் மாணவர் தலைவர்களின் புதுக் கட்சியான அசாம் கண பரிஷத் வென்றது. பிரபுல்ல குமார் மகந்தா விடுதி அறையிலிருந்து முதல்வர் நாற்காலிக்குப் போனார்.

ஆறு ஆண்டுப் போராட்டத்தில் நூற்றுக்கணக்கான இளைஞர்களை இழந்தவர்களுக்கு அந்தக் கொண்டாட்டம் உரியதுதான். ஆனால் அந்த மேசையில் நெல்லியின் சார்பில் யாரும் உட்காரவில்லை. போராட்டக்கால வழக்குகளை மறுபரிசீலனை செய்வது ஒப்பந்தத்தின் ஓர் அம்சம். அந்தக் கதவு வழியாகத்தான் நெல்லி வழக்குகளும் வெளியேறின. கண்ணெதிரே மனைவி மக்களைப் பறிகொடுத்தவன் சாட்சிக் கூண்டில் ஏறி நின்று ஒரு வார்த்தை சொல்லக்கூட அந்த மாநிலம் வாய்ப்புக் கொடுக்கவில்லை. எந்தச் சமாதானத்துக்கும் இவ்வளவு பெரிய விலை கேட்கப்பட்டிருக்கக் கூடாது.

போடோக்களும் அந்த மேசையில் இல்லை. அசாம் போராட்டத்தில் தோள் கொடுத்தவர்கள் பலர் அவர்களில் உண்டு. வெற்றி பெற்ற ஆட்சி தங்களை மதிக்கவில்லை என்ற கசப்பு 1987-இல் உபேந்திரநாத் பிரம்மா தலைமையில் தனி மாநிலக் கோரிக்கையாக வெடித்தது. அசாமைச் சரிபாதியாகப் பிரி என்பது முழக்கம். பிரம்மபுத்திராவின் வடகரை முழுதும் பந்த், குண்டுவெடிப்பு, தண்டவாளத் தகர்ப்பு என ஆண்டுகள் கழிந்தபின், 1993 பிப்ரவரி 20 அன்று முதல் போடோ ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதில் ஒரு விதியை உற்றுப் பார்க்க வேண்டும். போடோக்களுக்கென அமையும் தன்னாட்சிக் குழுவுக்கு எல்லை வரையும்போது, பழங்குடியினர் 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள கிராமங்களையும், தொடர்ச்சிக்குத் தேவையான மற்ற கிராமங்களையும் சேர்க்கலாம் என்றது ஒப்பந்தம். போடோக்கள் கேட்ட பகுதிகளில் பல இடங்களில் அவர்கள் பெரும்பான்மை இல்லை. வங்க முஸ்லிம்கள், சந்தால் உள்ளிட்ட ஆதிவாசிகள், கோச் ராஜ்போங்சிகள், அசாமியர்கள், நேபாளிகள் எல்லோரும் கலந்து வாழும் நிலம் அது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராமங்களைத் தர மாநில அரசு மறுத்தது. பெரும்பான்மை இருந்தால்தான் நிலம் என்றால், இல்லாத பெரும்பான்மையை உண்டாக்கும் வழியை ஆயுதக் குழுக்கள் தேடின. அக்டோபரில் முஸ்லிம்கள்மீது தாக்குதல் நடந்தது. 1994-இல் பார்பேட்டா மாவட்டத்தின் பான்ஸ்பாரியில், உயிருக்குப் பயந்து நிவாரண முகாமில் தங்கியிருந்தவர்களையே சுட்டார்கள். 1996-இல் ஆதிவாசிகளின் முறை வந்தது, லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அவர்களில் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் முகாம்களிலேயே வாழ்ந்தன.

2003-இல் இரண்டாவது ஒப்பந்தம். அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணையின் கீழ் போடோலாந்து மன்றம் அமைந்தது. 46 இடங்களில் 30 பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டன. மக்கள்தொகையில் போடோக்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தங்கள் நிலத்தில் தாங்களே சிறுபான்மையாகிவிட்டோம் என்பது போடோக்களின் வேதனை. எண்ணிக்கையில் அதிகம் இருந்தும் அதிகாரம் இல்லை என்பது மற்றவர்களின் வேதனை. 2012 ஜூலையில் கோக்ராஜாரில் மூண்ட கலவரம் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோரை முகாம்களுக்கு விரட்டியது. 2014 டிசம்பரில் தீவிரவாதிகள் ஆதிவாசிக் குடியிருப்புகளில் புகுந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள்.

2020 ஜனவரி 27 அன்று மூன்றாவது ஒப்பந்தம். சில நாட்களில் 1,615 பேர் ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். 1,500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் துப்பாக்கிச் சத்தம் பெருமளவு அடங்கியிருக்கிறது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனாலும் கிராமங்களைச் சேர்ப்பதற்கும் விலக்குவதற்கும் ஆணையம், பழங்குடியினர் பெரும்பான்மை என்ற அளவுகோல், வழக்குகளின் மறுபரிசீலனை ஆகியவை இந்த ஒப்பந்தத்திலும் உண்டு.

தலை எண்ணும் அரசியலின் உச்சம் தேசியக் குடிமக்கள் பதிவேடு. 1951-இல் எடுத்த பதிவேட்டைப் புதுப்பிக்கும் பணி உச்ச நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்தது. 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன் தன் குடும்பம் அசாமில் இருந்ததற்கு ஒரு பத்திரம். அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் தான் என்பதற்கு இன்னொரு பத்திரம். பள்ளிக்கூடம் போகாமல், சிறு வயதிலேயே வேறு ஊருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் இந்த இரண்டாவது பத்திரம் எங்கிருந்து வரும்? அவள் பெயர் வாக்காளர் பட்டியலில் முதன்முதல் ஏறியதே கணவனின் பெயரோடு சேர்த்துத்தான். அப்பாவின் பெயரோடு அவளை இணைக்க இருந்தது பஞ்சாயத்துச் செயலாளர் கொடுத்த சான்றிதழ் மட்டும். அப்படி 48 லட்சம் சான்றிதழ்கள் தாக்கலாகியிருந்தன. 2017 தொடக்கத்தில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அவை செல்லாது என்றது; டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சரிபார்த்தபின் ஏற்கலாம் என்றது. இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பெண்கள் பட்ட பாட்டுக்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கில்லை.

2019 ஆகஸ்ட் 31 அன்று இறுதிப் பட்டியல் வந்தது. விடுபட்டவர்கள் 19,06,657 பேர். முஸ்லிம்கள் மட்டுமல்லாமல் வங்க இந்துக்களும் கூர்க்காக்களும் பழங்குடியினரும் அதில் இருந்தார்கள். போராடியவர்களுக்கு எண்ணிக்கை போதவில்லை. ஆளும் பாரதிய ஜனதாவுக்கு விடுபட்ட இந்துக்களின் எண்ணிக்கை உறுத்தியது. டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 2014 டிசம்பர் 31 என்று புதிய தேதி வைத்தது. 1971-ஐ நம்பியிருந்த அசாம் மறுபடி தெருவுக்கு வந்தது. ஐந்து பேர் இறந்தார்கள்.

விடுபட்டவர்கள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் நிராகரிப்புக் கடிதம் கையில் வேண்டும். ஐந்தாண்டுகள் கடந்தும் அந்தக் கடிதம் வழங்கப்படவில்லை. 1971 என்ற தேதியை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உறுதி செய்தது. அந்தத் தேதிக்கு அரசு உண்மையாக இருக்க நினைத்தால் முதல் வேலை தெளிவானது: 19 லட்சம் பேருக்கும் காரணத்தை எழுத்தில் கொடுத்து, நீதிமன்றக் கதவைத் திறந்துவிட வேண்டும்.

அசாமின் கிழக்கே மணிப்பூரில் 2023 மே 3 அன்று தொடங்கிய தீ, 250-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. சுமார் 60,000 பேரை வீடிழக்கச் செய்தது. அங்கும் பழங்குடிப் பட்டியலில் யார் இடம்பெறுவது, மலை யாருக்கு, பள்ளத்தாக்கு யாருக்கு என்பதே கேள்வி. முதல்வர் பிரேன் சிங் பதவி விலகக் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்த இரண்டு ஆண்டுகளில் இம்பாலும் டெல்லியும் என்ன செய்தன என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)