வலிப்பு மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும்

நீங்களோ உங்கள் குடும்பத்தில் ஒருவரோ வலிப்பு நோய்க்கு (காக்காய் வலிப்பு) மாத்திரை சாப்பிட்டு வருகிறீர்களா? அப்படியானால் மருத்துவர் சில வேளைகளில் இரத்தம் எடுக்கச் சொல்வார். "எனக்கு இனிப்பு நீர் இல்லையே, பிறகு எதற்கு இரத்தம்?" என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் இரத்தத்தில் வலிப்பு மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அறிவதற்காகவே இந்தப் பரிசோதனை.

ஏன் அளந்து பார்க்க வேண்டும்?

ஒரே மாத்திரையை ஒரே அளவில் இருவர் சாப்பிட்டாலும், அது ஒருவருக்குப் போதாமலும் மற்றவருக்கு அதிகமாகவும் போகலாம். வயது, உடல் எடை, கல்லீரலின் நிலை, சாப்பிடும் மற்ற மருந்துகள் ஆகியவை இதற்குக் காரணம். மருந்து குறைந்தால் வலிப்பு வரும். கூடினால் தலைச்சுற்றல், தள்ளாட்டம், மயக்கம் வரும்.

வழக்கமாக எதிர்பார்க்கப்படும் அளவு (ஒரு லிட்டர் இரத்த நீரில்):

• ஃபெனிடோயின்: 10 முதல் 20 மில்லிகிராம்
• கார்பமசெப்பின்: 4 முதல் 12 மில்லிகிராம்
• சோடியம் வால்புரோயேட்: 50 முதல் 100 மில்லிகிராம்

சில ஆய்வுக்கூடங்கள் மைக்ரோமோல் கணக்கில் முடிவைத் தரும். அந்தக் கணக்கில் ஃபெனிடோயினின் அளவு 40 முதல் 80 வரை. ஆகவே "60" என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது சுமார் 15 மில்லிகிராம்தான். லெவெடிரசெட்டம் போன்ற புதிய மருந்துகளுக்குப் பெரும்பாலும் இந்தப் பரிசோதனை தேவைப்படுவதில்லை.

எண் மட்டுமே முடிவல்ல. அளவு சற்றுக் குறைவாக இருந்தும் வலிப்பே வராமல் நலமாக இருப்பவர்கள் உண்டு. அளவு சரியாக இருந்தும் தலை சுற்றுபவர்களும் உண்டு. உங்கள் உடல்நிலையையும் எண்ணையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

ஃபெனிடோயின் சாப்பிடுபவர்கள் கவனிக்க

அடியில் சிறு துளையுள்ள தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். துளை வழியே போகும் நீரைவிடச் சற்று அதிகமாக ஊற்றினாலும் தொட்டி நிறைந்து வழிந்துவிடும். ஃபெனிடோயினை வெளியேற்றக் கல்லீரலுக்கு உள்ள ஆற்றலும் இப்படி ஓர் எல்லைக்கு உட்பட்டது. அந்த எல்லையை நெருங்கியவருக்குச் சிறிதளவு மருந்தைக் கூட்டினாலும் இரத்தத்தில் அளவு மிக அதிகமாக ஏறும். எனவே, "வலிப்பு வந்துவிட்டது, இன்னொன்று போட்டுக்கொள்கிறேன்" என்று நீங்களாகக் கூட்டாதீர்கள்.

இரத்தம் எடுக்கும் நாளன்று

மாத்திரை சாப்பிட்டதும் இரத்தத்தில் மருந்து ஏறும். அடுத்த வேளைக்கு முன் மிகவும் இறங்கியிருக்கும். இறங்கிய அந்த அளவே பொதுவாகப் பார்க்கப்படுகிறது.

பால்வெட்டுக்கும் செம்பனை வேலைக்கும் போகிறவர்கள் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போகும் முன்பே மாத்திரையை விழுங்கிவிடுவது வழக்கம். அன்று மட்டும் அப்படிச் செய்யாதீர்கள்.

• முதல் நாள் இரவு மாத்திரையை வழக்கம்போல் சாப்பிடுங்கள்.
• காலை மாத்திரையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இரத்தம் எடுத்த உடனே விழுங்குங்கள்.
• வேளை தள்ளிப்போகாதிருக்கக் காலையிலேயே கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.
• கடைசியாக எத்தனை மணிக்கு மருந்து சாப்பிட்டீர்கள் என்று தாதியிடம் சொல்லுங்கள்.
• மறந்து காலையில் சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் அதையும் சொல்லுங்கள்.

மருந்தின் அளவை மாற்றிய மறுநாளே பரிசோதித்துப் பயனில்லை. இரத்தத்தில் அளவு நிலைபெறச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும். கொடுத்த தேதியில் வாருங்கள். ஆனால் மருந்து அதிகமானதற்கான அறிகுறி தெரிந்தால் எந்த நேரத்திலும் இரத்தம் எடுக்கலாம்.

தவறவிட்ட மாத்திரையைச் சொல்லிவிடுங்கள்

வாரத்தில் இரண்டு மூன்று வேளை மருந்து விட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சொல்லாவிட்டால், அளவு குறைந்திருப்பதைக் கண்டு மருத்துவர் மாத்திரையைக் கூட்டக்கூடும். பிறகு நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கும்போது மருந்து அதிகமாகிவிடும். பரிசோதனைக்கு முந்திய வாரம் மட்டும் தவறாமல் சாப்பிட்டால், முடிவு நன்றாக இருக்கும். வலிப்பு ஏன் வருகிறது என்பது யாருக்கும் தெரியாமல் போகும். உண்மையைச் சொன்னால் யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார், கூலிம் மருத்துவமனைகளுக்கு மாதந்தோறும் போய்வரப் பேருந்துக்கோ விடுமுறைக்கோ சிரமம் என்றால் மருந்தாளரிடம் கேளுங்கள். எஸ்.பி.யு.பி. ஏற்பாட்டின் வழி, வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் தொடர் மருந்தைப் பெறலாம்.

அளவை மாற்றக்கூடியவை

• காசநோய் மருந்துகள்: ரிஃபாம்பிசின் வலிப்பு மருந்தைக் குறைக்கும், ஐசோனியாசிட் ஃபெனிடோயினைக் கூட்டும்.
• எரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் கார்பமசெப்பினைக் கூட்டும்.
• சம்சு, பீர், கள்: குடித்தாலும், தொடர்ந்து குடித்தவர் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம்.
• நாட்டு மருந்துகள்: சங்கபுஷ்பி கலந்த ஆயுர்வேத மருந்து ஃபெனிடோயின் அளவைக் குறைத்ததை இந்தியாவில் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். எந்த மருந்தானாலும் முதலில் மருந்தாளரிடம் காட்டுங்கள்.
• மருந்தின் தயாரிப்பு மாறுதல்: 1968-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஃபெனிடோயின் சாப்பிட்ட பலருக்கு மருந்து அதிகமான அறிகுறிகள் தோன்றின. மருந்தின் அளவு மாறவில்லை. அதனுடன் கலந்த நிரப்புப் பொருள் மட்டுமே மாற்றப்பட்டிருந்தது. மாத்திரையின் நிறமோ உருவமோ மாறியிருந்தால் கேளுங்கள்.
• கர்ப்பம்: கர்ப்பக் காலத்தில் பல வலிப்பு மருந்துகளின் அளவு இறங்கும். வால்புரோயேட் குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்பதால், கருத்தரிக்க எண்ணும்போதே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஃபெனிடோயினும் கார்பமசெப்பினும் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும்.

தைப்பூசம் போன்ற விரத நாட்களிலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. தூக்கமின்மையும் வலிப்பைத் தூண்டும்.

உடனே மருத்துவரைப் பாருங்கள்

• நடை தள்ளாடுதல், நாக்குக் குழறுதல், பார்வை இரண்டாகத் தெரிதல், அளவுக்கு மீறிய தூக்கம்
• தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல், கண் சிவத்தல் (குறிப்பாகப் புதிய மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில்)
• தொடர்ந்த வாந்தி, அல்லது மருந்து முழுதும் தீர்ந்துபோதல்

வலிப்பு 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலோ 999-ஐ அழையுங்கள். அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு கொடுப்பதோ வாயில் கரண்டி வைப்பதோ வேண்டாம்.

ஒவ்வொரு முறை கிளினிக்கிற்கு வரும்போதும் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், மிச்சமுள்ள மாத்திரைகளையும், வலிப்பு வந்த தேதிகளைக் குறித்த தாளையும் கொண்டு வாருங்கள். பரிசோதனை முடிவை மருத்துவர் சரியாகப் புரிந்துகொள்ள இவை பெரிதும் உதவும்.