தூய பருத்தியும் அதன் சான்றும்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த நகரமாகும். அங்குச் செய்யப்படும் ஆடைகள் பல நாடுகளுக்குச் செல்கின்றன. அவ்வாடைகளின் கழுத்துப்புறத்தில் தைத்த சிறு சீட்டில், 'நூறு விழுக்காடு பருத்தி' என்றோ, 'இயற்கை வேளாண் பருத்தி' என்றோ பொறித்திருக்கக் காணலாம். இவ்விரு கூற்றுகளும் ஒரு தன்மையனபோல் தோன்றினும், ஆராயுமிடத்து வெவ்வேறானவை.

முதற் கூற்றுப் பொருளைப் பற்றியது. அதனைச் சோதித்தல் எளிது. பருத்தி நூலைக் கொளுத்தினால் காகிதம் எரியும் மணம் எழும். மென்மையான சாம்பல் எஞ்சும். பாலியெஸ்டர் நூலோ உருகிக் கடினமான மணிபோல் இறுகும். இரண்டும் கலந்திருப்பின், ஆய்வகத்தில் துணியை நிறுத்து, 75 விழுக்காட்டுக் கந்தக அமிலத்தில் இடுவர். பருத்தி கரைந்துவிடும், பாலியெஸ்டர் கரையாது. எஞ்சியதைக் கழுவி உலர்த்தி மீண்டும் நிறுப்பர். உலர்ந்த துணி 1 கிராமாக இருந்து, எஞ்சியது 0.4 கிராம் எனின், கலப்பு ஏறத்தாழ 40 விழுக்காடாகும். இங்குத் தராசே சான்று கூறுகிறது.

இரண்டாம் கூற்று, பருத்தி விளைந்த முறையைப் பற்றியது. செயற்கை உரமிட்டு விளைந்த இழையும், தொழுவுரமிட்டு விளைந்த இழையும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே முறுக்குண்ட நாடாவாகத் தெரியும். எனினும், ஒரு வழி உண்டு. மண்ணில் வாழும் நுண்ணுயிரி ஒன்றின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய பி.டி. பருத்திக்கு 2002ஆம் ஆண்டு இந்தியாவில் இசைவு அளிக்கப்பட்டது. இயற்கை வேளாண்மையில் அதற்கு இடமில்லை. ஆதலின், பஞ்சில் அம்மரபணு உளதா என்று பி.சி.ஆர். சோதனையால் தேடுவர்.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. வெளுத்தலும் சாயமேற்றலும் மரபணுவைச் சிதைத்துவிடும். ஆகவே பஞ்சு நிலையிலேயே ஆராய்தல் நன்று. அம்மரபணு சிறிதளவே காணப்படின், அரவை ஆலையில் ஒட்டியிருந்த பிற பஞ்சாலும் அது நேர்ந்திருக்கலாம். அறவே காணப்படாவிடினும், செயற்கை உரம் இடப்படவில்லை என்று அதனாற் சொல்லுதற்கில்லை. பொய்யைக் காட்டிக்கொடுக்க இச்சோதனை உதவும். மெய்யை முழுதும் நிலைநாட்ட இஃதொன்றே போதாது.

எனவே, வயல், அரவை ஆலை, நூற்பாலை, பின்னலகம் என ஒவ்வொரு படியிலும் பஞ்சின் அளவும் கைமாற்றமும் சான்றிதழில் பதியப்படுகின்றன. அச்சான்றிதழும் பொய்யாகலாம். உலக இயற்கை ஆடைத் தரத்தை நடத்தும் 'காட்ஸ்' அமைப்பு, ஏறத்தாழ 20,000 டன் இந்தியப் பருத்திக்குப் போலிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டதை 2020ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. அவற்றை நம்பச் செய்தற்கு அரசின் இணையதளத்தைப் போன்றே பொய்த்தளம் ஒன்றும் அமைக்கப்பட்டிருந்தது. 11 நிறுவனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது.

இத்தகைய பொய்யால் ஆடை வாங்குவோர் மட்டுமே ஏமாறுகின்றனர் என எண்ணற்க. பூச்சிமருந்தின்றிப் பாடுபட்டுப் பயிரிட்ட உழவர்க்கு உரிய விலை கிட்டாது போகிறது. மெய்யான பஞ்சைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் ஆலையும் போட்டியில் பின்தங்குகிறது. நம்பிக்கை குலையின் ஏற்றுமதி குறையும். அதனை நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்களும் துன்புறும்.

ஆகவே, 'தூயது' என்னும் சொல்லைக் காணும்போது, எதில் தூயது, அதனை எம்முறையால் அறிந்தனர், எந்தப் படியில் சோதித்தனர் என வினவுதல் வேண்டும். அங்ஙனம் வினவுவது, நேர்மையாய் உழைத்தவர்க்கு நாம் செய்யும் நன்மையுமாகும்.