உங்களுக்குத் தெரியுமா? சக்கரக்காரர்களின் அன்றாடச் சோறு

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைபவர்களுக்கென்றே 1993-இல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகை பிறந்தது. பெயர் ‘டெய்லி பிரெட்’. நம் வழக்கில் சொன்னால், அன்றாடச் சோறு! தொடங்கியவர் ஏஞ்சி வால்டன் என்ற பெண். இன்லைன் ஸ்கேட்டில் வித்தை காட்டுபவர்கள்தான் அதன் நாயகர்களாக இருந்தார்கள். மாடிப்படிக் கைப்பிடிக் கம்பியில் தாவி ஏறி, அப்படியே சறுக்கி இறங்குவார்கள். பார்க்கிற நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும். இதற்காகவே ஒரே வரிசையில் இருக்கும் நான்கு சக்கரங்களில் நடு இரண்டைச் சிறியதாக மாற்றிக்கொள்வதுண்டு. அந்த இடைவெளியில் கம்பி கச்சிதமாக உட்காரும். சறுக்கிச் சறுக்கி அங்கே ஸ்கேட்டின் பிளாஸ்டிக் தேய்ந்து பள்ளமே விழுந்துவிடும். இந்த ஸ்கேட்டைப் பலர் ‘ரோலர்பிளேடு’ என்பார்கள். அது ஒரு கம்பெனியின் பெயர்; நகலை நாம் ஜெராக்ஸ் என்கிறோமே, அதே கதைதான்.